மன்ஹாட்டன் பீச்: ஒரு கடற்கரையின் விலையைக் கொடுத்தவர்கள் யார்?

2023 ஜனவரியில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலிருந்து வந்த ஒரு செய்தி நம் வட்டாரங்களில் பெரிதாகப் பேசப்படவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியைச் சேர்ந்த மன்ஹாட்டன் பீச் என்னும் கடலோர நகரில், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் கருப்பினக் குடும்பம் ஒன்றிடமிருந்து பறிக்கப்பட்ட இரண்டு மனைகள் 2022 ஜூலையில் அக்குடும்பத்தின் வாரிசுகளிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டன. ஆறு மாதங்கள் கழிந்த நிலையில், வாரிசுகள் அந்நிலத்தை அதே கவுண்டி நிர்வாகத்துக்கே ஏறத்தாழ 2 கோடி டாலருக்கு விற்றுவிட முடிவு செய்தனர். நிலம் திரும்பி வந்தபோது மகிழ்ந்தவர்களில் ஏமாற்றம் அடைந்தவர்களும் உண்டு. இதற்காகவா இத்தனை போராட்டம், கிடைத்த நிலத்தை வைத்துக்கொள்ளத் தெரியவில்லையா என்ற பேச்சு எழுந்தது. நம் ஊரில் பஞ்சமி நில மீட்பைப் பற்றிப் பேசும்போது எழும் அதே பேச்சுதான் இது. ஆகவே அந்த விற்பனை ஏன் நிகழ்ந்தது என்பதை நாம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்கு அந்த நகரத்தில் வாழ என்ன செலவாகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். நியூயார்க்கின் மன்ஹாட்டனோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது பசிபிக் பெருங்கடலை ஒட்டிய சிறு நகரம். மக்கள்தொகை ஏறத்தாழ 35,000. ஒரு சாதாரண வீட்டின் விலையே 20 லட்சம் டாலருக்கு மேல். கடலைப் பார்த்த வரிசையில் இருக்கும் வீடுகளின் விலை இதைப் போலப் பல மடங்கு. மக்கள்தொகையில் கருப்பினத்தவரின் பங்கு ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. இத்தகைய ஊர்களைப் பற்றிய பொதுப்புத்தி எளிமையானது: கடல் அழகாக இருக்கிறது, எல்லோரும் விரும்புகிறார்கள், ஆகவே விலை ஏறுகிறது, பணம் உள்ளவர் கடலோரத்தில் இருக்கிறார், இல்லாதவர் உள்நாட்டுப் பக்கம் தள்ளி இருக்கிறார். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்பது அந்த வாதத்தின் உட்பொருள்.

வழக்காடு மன்றங்களில் நிலத்தைப் பற்றியே பொழுதைக் கழிக்கும் நம்மைப் போன்றோரால் இந்த வாதத்தை ஏற்க முடிவதில்லை. நிலத்தின் விலையில் மண்ணுக்கும் காற்றுக்கும் உள்ள பங்கைவிட ஆவணங்களுக்கும் அரசாணைகளுக்கும் உள்ள பங்கு பெரிது. மன்ஹாட்டன் பீச்சின் ஆவணங்கள் இன்று பெருமளவு வெளிச்சத்துக்கு வந்துவிட்டதால், அந்த விலை எப்படிக் கட்டப்பட்டது என்பதைக் கல் கல்லாகப் பார்க்க முடிகிறது.

1912இல் வில்லா புரூஸ் என்ற கருப்பினப் பெண்மணி அந்தக் கடற்கரையில் ஒரு மனையை 1,225 டாலருக்கு வாங்கினார். கிரயம் அவர் பெயரிலேயே ஆனது. கணவர் சார்லஸ் புரூஸ் தொலைதூர ரயிலில் உணவுப்பெட்டிச் சமையல்காரர். தென் கலிபோர்னியாவின் கடற்கரைகளில் கருப்பின மக்கள் கால் நனைக்கவே இடம் கொடுக்கப்படாத காலம் அது. தாம் நிலம் கேட்ட இடத்திலெல்லாம் மறுக்கப்பட்டதாகவும், இப்போது சொந்தமாக வாங்கிவிட்டதால் இதை விட்டுப் போகப் போவதில்லை என்றும் வில்லா அன்றே ஒரு செய்தியாளரிடம் கூறியிருக்கிறார். சிறு உணவுக்கடை, உடை மாற்றும் இடம், வாடகைக்கு நீச்சலுடை என்று தொடங்கியது அவர்களுடைய தொழில். பிறகு உணவகமும் நடனக்கூடமும் வந்தன. 1920இல் அடுத்த மனையையும் வாங்கினார்கள். லாஸ் ஏஞ்சலிஸின் கருப்பினக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளோடு வந்து இறங்கும் இடமாக அது மாறியது. வேறு சில கருப்பினக் குடும்பங்களும் அருகில் மனை வாங்கிச் சிறு வீடுகள் கட்டின.

எதிர்ப்பு முதல் கோடையிலேயே தொடங்கிவிட்டது. புரூஸ் குடும்பத்தின் மனைக்கும் கடலுக்கும் இடையே ஒரு துண்டு நிலம் இருந்தது. அது அந்த நகரத்தையே மனை போட்டு விற்ற ஜார்ஜ் பெக் என்பவருடையது. அந்தத் துண்டில் கயிறு கட்டப்பட்டது. அத்துமீறி நுழையாதே என்ற பலகை வைக்கப்பட்டது. கண்ணெதிரே இருக்கும் கடலுக்குப் போக வந்தவர்கள் அரை மைல் சுற்றி நடந்தார்கள். குளிக்காமல் திரும்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தலித் குடியிருப்புக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே, தலித் வயலுக்கும் சாலைக்கும் நடுவே ஒரு துண்டுப் பட்டா நிலத்தை வைத்துக்கொண்டு நம் ஊர்களில் ஆடப்படும் ஆட்டத்தை அறிந்தவர்களுக்கு அந்தக் கயிற்றைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பின்னர் வந்தவை வாகனச் சக்கரங்களைக் கிழித்தல், தீவைப்பு முயற்சி, கூ கிளக்ஸ் கிளானின் மிரட்டல். இவை எதற்கும் அந்தக் குடும்பம் அசையவில்லை.

அப்போதுதான் சட்டம் அழைத்து வரப்பட்டது. 1924இல் மன்ஹாட்டன் பீச் நகரவை, புரூஸ் குடும்பத்தின் மனைகள் உள்ளிட்ட இரண்டு மனைத்தொகுதிகளைப் பூங்கா அமைப்பதற்காகக் கையகப்படுத்தத் தீர்மானித்தது. இங்கே கவனிக்க வேண்டிய ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. இன்ன இனத்தவர் இன்ன பகுதியில் வாழக்கூடாது என்று நகராட்சிகள் நேரடியாக விதி செய்வதை அமெரிக்க உச்சநீதிமன்றம் 1917லேயே செல்லாது என்று அறிவித்துவிட்டது. எனவே இனத்தின் பெயரைச் சொல்லாமல் அதே வேலையைச் செய்யும் வழி தேவைப்பட்டது. பொது நோக்கம் என்ற சொல் அதற்குக் கைகொடுத்தது. பூங்கா வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? தீர்மானத்தில் இனம் பற்றி ஒரு வரியும் இருக்கத் தேவையில்லை. அன்று நகரவையில் இருந்தவர்களில் ஒருவர் 1940களில் உள்ளூர் இதழில் எழுதியபோது, கருப்பினத்தவரின் கடற்கரை விடுதியை அகற்றுவதற்காகவே அந்த நிலத்தை எடுத்தோம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்வதால் எந்த இழப்பும் நேராது என்ற நம்பிக்கை அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

புரூஸ் குடும்பம் நீதிமன்றத்துக்குப் போனது. நிலத்துக்கும் தொழிலுக்கும் நேர்ந்த சேதத்துக்குமாகச் சேர்த்து 1,20,000 டாலர் கேட்டது. கிடைத்தது 14,500 டாலர். கட்டடங்கள் 1927இல் இடிக்கப்பட்டன. சொந்த விடுதி நடத்திய சார்லஸும் வில்லாவும் எஞ்சிய காலமெல்லாம் பிறருடைய உணவகங்களில் சமையல் செய்து பிழைத்தார்கள். வில்லா 1934இல் இறந்தார்.

விடுதியை அகற்றினால் போதாது, கருப்பின மக்கள் அந்த மணலில் அமர்வதையும் தடுக்க வேண்டும் என்று நகரவை எண்ணியது. மணல் பொதுச்சொத்து, அதில் யாரையும் தடுக்க முடியாது. ஆகவே கடற்கரையைத் தனியார் ஒருவருக்குப் பெயரளவு தொகைக்குக் குத்தகைக்கு விட்டது நகராட்சி. குத்தகைதாரர் தன் நிலத்தில் அத்துமீறியதாகப் புகார் செய்வார், காவல்துறை கைது செய்யும். இப்படித்தான் 1927 கோடையில் கருப்பின மாணவி ஒருவர் கடலில் குளித்ததற்காகக் கைதானார். கருப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. இதை எதிர்த்து அதே கடற்கரையில் இறங்கிக் குளிக்கும் போராட்டத்தை நடத்தியது. அதன் லாஸ் ஏஞ்சலிஸ் கிளைத் தலைவர் எச். கிளாட் ஹட்சன் உள்ளிட்டோர் கைதானார்கள். பின்னர் நகராட்சி அந்தக் குத்தகையைக் கைவிட நேர்ந்தது.

1927 என்ற ஆண்டு நம் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டிய ஒன்றல்ல. அந்த மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாட்டின் சவதார் குளத்தில் நீர் அருந்தினார். அந்தக் குளத்தையும் மகாட் நகராட்சி 1924லேயே தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட்டுத் தீர்மானம் இயற்றியிருந்தது. சாதி இந்துக்கள் அதன் பிறகு என்ன செய்தார்கள்? அக்குளம் பொதுக்குளமே இல்லை, தனியார் சொத்து என்று கூறி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, 1927 டிசம்பரில் இடைக்காலத் தடை வாங்கினார்கள். அந்த வழக்கு மும்பை உயர்நீதிமன்றத்தில் முடிய 1937 ஆயிற்று. அம்பேத்கர் தரப்பு வென்றது. உலகின் இரு மூலைகளில், ஒருவரை ஒருவர் அறியாத இரு ஆதிக்கக் கூட்டங்கள், பொது நீரைத் தனியார் சொத்தாகக் காட்டும் ஒரே உத்தியை ஒரே ஆண்டில் கையாண்டிருக்கின்றன. இதை நாம் வெறும் தற்செயல் என்று கடந்துவிடுவதில்லை. பொது இடத்தில் சமமாக நிற்கும் உரிமையை ஒருவருக்கு மறுக்க விரும்புகிறவருக்குச் சட்டத்தில் மிக அருகில் கிடைக்கும் கருவி சொத்துரிமைதான்.

கடற்கரையில் இடம் தேடிய பிறருக்கு நேர்ந்ததும் வேறல்ல. சற்றுத் தெற்கே ஹண்டிங்டன் பீச்சில் கருப்பின முதலீட்டாளர்கள் கட்டிக்கொண்டிருந்த பசிபிக் பீச் கிளப் என்ற விடுதி, திறப்பு விழாவுக்குச் சில வாரங்கள் முன்பு, 1926 ஜனவரியில் எரிந்து சாம்பலானது.

சரி, மன்ஹாட்டன் பீச்சில் அவ்வளவு அவசரமாகக் கையகப்படுத்திய நிலத்தில் பூங்கா வந்ததா? பல பத்தாண்டுகள் அது வெறும் மணல்மேடாகக் கிடந்தது. புரூஸ் குடும்பத்தின் இரு மனைகள் 1948இல் மாநில அரசுக்கும், அங்கிருந்து 1995இல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டிக்கும் கைமாறின. கடற்கரை உயிர்காப்பாளர்களின் பயிற்சித் தலைமையகம் அவற்றின் மீது நின்றது. மேட்டுப் பகுதியில் பின்னாளில் புல்வெளி போட்டார்கள். அந்தப் பூங்காவுக்குப் பல பெயர்கள் மாறின. புரூஸ் பீச் என்ற பெயர் 2000களின் பிற்பாதியில்தான் வந்தது. அப்போது வைத்த கல்வெட்டோ, கருப்பின மக்களுக்குக் கடற்கரையில் இடம் கிடைக்க வழிசெய்தவராக, கயிறு கட்டிய ஜார்ஜ் பெக்கைப் பாராட்டியது.

இதற்கிடையே நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. தானாக ஏறவில்லை. கருப்பினத்தவருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையைக் கிரயப் பத்திரங்களிலேயே எழுதும் வழக்கம் தென் கலிபோர்னியா முழுவதும் பரவியிருந்தது. 1948இல் உச்சநீதிமன்றம் அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றக்கூடாது என்றது. 1968இல் வீட்டுரிமையில் பாகுபாட்டைத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. சட்டப்படி கதவு திறந்தபோது, வீட்டின் விலை கதவின் வேலையைச் செய்யத் தொடங்கியிருந்தது.

அந்த விலைக்குக் காவலாக வந்த சட்டங்களில் முதன்மையானது 1978இல் பொதுவாக்கெடுப்பில் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவு. வீட்டுவரியின் அடிப்படை விகிதம் மதிப்பில் 1 விழுக்காடு. அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரக்கூடாது. வீடு கைமாறும்போதுதான் சந்தை விலைக்கு மறுமதிப்பீடு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1978இல் ஒருவர் 1 லட்சம் டாலருக்கு வீடு வாங்கியிருந்தால், 45 ஆண்டுகள் கழித்து அவருடைய வரி மதிப்பு அதிகபட்சம் ஏறத்தாழ 2.44 லட்சம், அடிப்படை வரி ஆண்டுக்கு 2,440 டாலர். பக்கத்து வீட்டை இன்று 30 லட்சத்துக்கு வாங்குகிறவருக்கு அதே வரி 30,000 டாலர். இருவருக்கும் ஒரே சாலை, ஒரே பள்ளி, ஒரே கடல்காற்று. 1986 முதல் இந்தச் சலுகை பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கும் இறங்கியது. 2020இல்தான் ஓரளவு சுருக்கப்பட்டது. அதாவது அந்த நகரில் வாழும் செலவு எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. தாத்தா வீடு வாங்கியிருந்தவருக்கு அது மலிவான ஊர். 1927இல் தாத்தாவின் விடுதி இடிக்கப்பட்டவருக்கு அது எட்டாத ஊர். புரூஸ் குடும்பத்துக்கு இழந்த மனைகள் மட்டும் இல்லை. அந்த மனைகளின் வழியாகத் தலைமுறை தலைமுறையாகப் பெற்றிருக்க வேண்டிய இந்தச் சலுகைகள் அனைத்தும் சேர்ந்தே போயின.

எளியோருக்குக் கடற்கரையில் இடம் தரும் முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. கலிபோர்னியாவின் 1976ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டம், குறைந்த வருமானத்தினரின் வீடுகளைக் கடலோரத்தில் பாதுகாக்கும் அதிகாரத்தைக் கடற்கரை ஆணையத்துக்கு அளித்திருந்தது. 1981இல் சட்டமன்றம் அந்த அதிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டது. கடலைப் பார்க்கவும் மணலில் நடக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்பது இன்றும் அங்கே சட்டம். மாலையானதும் எல்லோரும் திரும்பிப் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

இன்றைய நிலையையும் ஓர் எடுத்துக்காட்டால் சொல்லிவிடலாம். புரூஸ் நிலம் ஒப்படைக்கப்பட்ட அதே 2022இன் பிற்பகுதியில், 79 வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத் திட்டம் மன்ஹாட்டன் பீச் நகரவையின் முன் வந்தது. அவற்றில் 6 வீடுகள் மட்டுமே மிகக் குறைந்த வருமானத்தினருக்கு. நகரவை அதையும் நிராகரித்தது. மாநில அரசின் வீட்டுவசதிச் சட்டங்கள் குறுக்கே நின்றதால் 2023 தொடக்கத்தில் வேறு வழியின்றி அனுமதித்தது.

இப்போது நிலம் திரும்பிய கதைக்கு வருவோம். 2020இல் அமெரிக்கா முழுவதும் கருப்பின மக்களின் எழுச்சி பரவியபோது, கேவன் வார்ட் என்ற செயற்பாட்டாளர் அந்தப் பூங்காவில் மக்களைத் திரட்டி, புரூஸ் குடும்பத்துக்கு நீதி கேட்கும் இயக்கத்தைத் தொடங்கினார். நிலம் கவுண்டியின் பெயரில் இருந்தாலும் அதைக் கைமாற்றக்கூடாது என்ற நிபந்தனை 1995ஆம் ஆண்டு ஆவணத்தில் இருந்தது. அதை நீக்க மாநிலச் சட்டமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. 2021 செப்டம்பர் 30 அன்று ஆளுநர் கேவின் நியூசம் கையொப்பமிட்டார். பொதுச்சொத்தைத் தனியாருக்குத் தானமாகக் கொடுக்கக்கூடாது என்ற மாநில அரசியலமைப்பு விதியைக் காட்டி ஒருவர் வழக்குத் தொடுத்தார். இனவெறியால் நிகழ்ந்த அநீதியை அரசு சரிசெய்வதே ஒரு பொது நோக்கம்தான் என்று கூறி நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். 1924இல் நிலத்தைப் பறிக்கப் பயன்பட்ட அதே சொல், 98 ஆண்டுகள் கழித்து அதைத் திருப்பித் தரப் பயன்பட்டது. பஞ்சமி நில வழக்குகளை நடத்துவோர் தம் மனுக்களில் எடுத்தாள வேண்டிய தருக்கம் இது.

மன்ஹாட்டன் பீச் நகரவை மட்டும் இறங்கி வரவில்லை. 2021இல் கடந்தகாலச் செயலை ஏற்றுக் கண்டிப்பதாக ஓர் அறிக்கையை நிறைவேற்றியது. மன்னிப்பு என்ற சொல்லை அது ஏற்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் வழக்குகளுக்கு வழிதிறக்கும் என்ற அச்சமும் அங்கே பேசப்பட்டது.

வாரிசுகளின் கைக்கு வந்தது என்ன என்பதை இங்கேதான் உற்று நோக்க வேண்டும். பத்திரம் வந்தது. ஆனால் அந்த மனைகள் பொதுப் பயன்பாட்டுக்குரியவையாக வகைப்படுத்தப்பட்டிருந்தன. வில்லா புரூஸ் நடத்தியது போன்ற விடுதி ஒன்றை அங்கே கட்ட வேண்டுமானால் நிலவகைப்பாட்டை மாற்ற வேண்டும். அதற்கு மன்னிப்புக் கேட்க மறுத்த அந்நகரத்தின் தயவு தேவை. கடற்கரைச் சட்டத்தின் அனுமதிகளும் தேவை. அதுவரை கவுண்டியே ஆண்டுக்கு 4,13,000 டாலர் வாடகை கொடுத்து உயிர்காப்பாளர் நிலையத்தை அங்கே தொடர்வது என்றும், வாரிசுகள் விரும்பினால் 2 கோடி டாலர் வரை கொடுத்துக் கவுண்டியே வாங்கிக்கொள்வது என்றும் ஒப்பந்தம் ஆகியிருந்தது. கட்ட முடியாத, குடியிருக்க முடியாத, எதிரியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டிய ஒரு சொத்தை அவர்கள் பணமாக்கினார்கள். விற்கும் உரிமையும் சொத்துரிமையின் ஒரு பகுதிதான். தம் முன்னோர் இழந்ததைத் தாம் விரும்பிய வடிவில் எடுத்துக்கொள்ளும் வாரிசுகளுக்குப் பாடம் நடத்தும் தகுதி நமக்கு இல்லை. குறை அவர்களிடம் இல்லை. விற்பதைத் தவிர வேறு எதுவும் அறிவார்ந்த செயலாக இருக்க முடியாதபடி திருப்பித் தரப்பட்ட முறையில்தான் குறை இருக்கிறது.

தொகையையும் அளந்துவிடுவோம். விலைவாசி உயர்வை மட்டும் கணக்கிட்டால், 1920களின் இறுதியில் கொடுக்கப்பட்ட 14,500 டாலர் இன்று ஏறத்தாழ 2.5 லட்சம் டாலருக்குச் சமம். நிலமோ 2 கோடிக்குப் போனது. எண்பது மடங்கு. கையகப்படுத்தல் வழக்குகளில் அரசுத் தரப்பு எப்போதும் சொல்வது, அன்றைய நாளின் மதிப்பைக் கொடுத்துவிட்டோம் என்பது. அன்றைய மதிப்பே குறைத்துக் கொடுக்கப்பட்டது என்பது ஒருபுறம் இருக்க, அந்த எண்பது மடங்கு வளர்ச்சியில் யார் வாழ்ந்தார்கள் என்ற கேள்விக்கு இழப்பீட்டுச் சட்டத்தில் இடமே இல்லை. நூறாண்டுத் தொழிலின் வருமானம் இந்த 2 கோடியில் சேரவில்லை.

இந்தக் கணக்கு நமக்கு மிக அருகில் இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 அரசாணைப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. சென்னை மாகாணம் முழுவதற்கும் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் எடுத்துரைக்கும் கணக்கு. முதல் பத்தாண்டுகள் யாருக்கும் விற்கக்கூடாது, அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. மீறிய கிரயம் செல்லாது. இவ்வளவு தெளிவான நிபந்தனை இருந்தும் அந்நிலங்களில் பெரும்பகுதி பிறர் கையில் இருக்கிறது. 1994 அக்டோபர் 10 அன்று, காரணைப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள் மீது காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் நீத்தார்கள். அந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரமாகத்தான் இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் மாளிகைகளும் விடுதிகளும் வரிசையாக நிற்கின்றன. அங்கே ஒரு மனையின் விலையைக் கேட்டு வியக்கிறவர்கள், அந்தப் பகுதியின் பழைய நிலப்பதிவேட்டையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

மீட்புக்குப் பின் என்ன என்ற கேள்வியில்தான் புரூஸ் குடும்பத்தின் அனுபவம் நமக்குப் பயன்படுகிறது. விற்கத் தடை உள்ள நிபந்தனை தலித்துகளின் நிலத்துக்குச் சந்தை மதிப்பு இல்லாமல் செய்கிறது, அதை நீக்கிவிடலாம் என்று சிலர், நம்மவரில் சிலரும், வாதிடுகிறார்கள். நாம் இதை ஏற்கவில்லை. இவ்வளவு நிலமாவது சட்டத்தின் பார்வையில் இன்னும் நம்முடையதாக இருப்பதற்கு அந்த நிபந்தனையே காரணம். அதேவேளை, பட்டாவை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு, பாதை இல்லாமல், கிணறும் மின்இணைப்பும் இல்லாமல், வங்கிக்கடன் கிடைக்காமல் விடுவதை மீட்பு என்று அழைக்கவும் முடியாது. வழக்கில் வென்ற பின்னும் சுற்றியுள்ள வயல்காரர் வழிவிடாததால் தம் நிலத்தை வரப்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்களை நாம் அறிவோம். ஜார்ஜ் பெக்கின் கயிறு அங்கேயும் கட்டப்பட்டிருக்கிறது. மீட்பு ஆணையிலேயே பாதையும் நீரும் சேர்ந்து வரவேண்டும் என்று கேட்க வேண்டிய நேரம் இது.

கையகப்படுத்தி வெறுமனே போட்ட நிலத்தின் கதையும் அப்படியே. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 101ஆம் பிரிவு, ஐந்தாண்டுகள் பயன்படுத்தப்படாத நிலம் பழைய உரிமையாளருக்கோ அவருடைய வாரிசுக்கோ அல்லது அரசின் நில வங்கிக்கோ திரும்ப வேண்டும் என்கிறது. இந்த அல்லது என்ற சொல்லுக்குள் எத்தனை புரூஸ் குடும்பங்கள் மறைந்து போகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

கலிபோர்னியாவின் நல்லெண்ணத்தையும் அளவுக்கு மீறிப் போற்ற வேண்டாம். புரூஸ் நிலத்தைத் திருப்பித் தரும் சட்டத்தில் கையொப்பமிட்ட அதே ஆளுநர் நியூசம், சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகத் தடைசெய்யச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை 2023 அக்டோபரில் நிராகரித்தார். இருக்கும் சட்டங்களே போதும் என்பது அவர் சொன்ன காரணம். அங்கே புலம்பெயர்ந்து வேலை செய்யும் தலித்துகள் அந்த மசோதாவுக்காக உண்ணாநோன்பு வரை போனார்கள்.

மன்ஹாட்டன் பீச்சில் இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. 1924இல் நிலம் இழந்த கருப்பினக் குடும்பங்கள் ஐந்து. புரூஸ் குடும்பத்தைத் தவிர பிரியோலோ, ஜான்சன், பேட்டர்சன், சாண்டர்ஸ் ஆகிய நான்கு குடும்பங்கள். அவர்களில் ஜார்ஜ் பிரியோலோ அடிமையாகப் பிறந்து, அமெரிக்க ராணுவத்தின் கருப்பினக் குதிரைப்படைப் பிரிவில் பாதிரியாராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். இந்த நால்வரின் மனைகள் கவுண்டியிடம் போகவில்லை. நகராட்சியின் பூங்காவுக்கு அடியில் இருக்கின்றன. 2021ஆம் ஆண்டுச் சட்டம் கவுண்டியின் நிலத்தை மட்டுமே தொட்டது. 2023இல் அந்தப் பூங்காவில் பழைய கல்வெட்டை அகற்றிவிட்டுப் புதியது வைத்தார்கள். அதைச் சுற்றியுள்ள புல்வெளி இன்னும் நகராட்சியின் பெயரிலேயே இருக்கிறது.